சபை போதகராக இருந்த ஜான் மேக்ஸ்வெல் எப்படி கம்பெனிகளுக்குத் தலைமைப் பாடம் எடுப்பவர் ஆனார்?

திடீரென்று மேடை மாறிவிடவில்லை, பல வருடம் இரண்டும் கூடவே ஓடின.

மேக்ஸ்வெல் 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்தவர். அப்பாவும் போதகர்தான். இவர் இண்டியானாவில் ஒரு சின்ன கிராமத்துச் சபையில் ஆரம்பித்து, ஒஹாயோவுக்குப் போய், 1981-ல் சான் டியேகோ பக்கம் ஸ்கைலைன் வெஸ்லியன் சபைக்கு வந்தார். சபை வளர வளர, மற்ற போதகர்கள் "ஆட்களை எப்படிச் சேர்க்கிறீர்கள், பொறுப்பை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். அதுதான் முதல் சந்தை. 1985-ல் இன்ஜாய் என்ற நிறுவனத்தைத் தொடங்கி மாதாமாதம் பாட கேசட் அனுப்பினார். 1995-ல் சபையை விட்டு முழுநேரமாக இதில் இறங்கியபோது கேட்க ஆள் தயாராக இருந்தது.

அப்புறம் 1998-ல் வந்த, தலைமைக்கான 21 விதிகளைச் சொல்லும் புத்தகம் அவரைக் கம்பெனிகளுக்குள் கொண்டுபோனது. அதில் முதல் விதிக்கு அவர் எடுத்துக்கொள்வது மெக்டொனால்டு சகோதரர்களை: கடையை அருமையாக நடத்தத் தெரிந்தவர்கள், ஆனால் அதை நாடெங்கும் பரப்பியது ரே க்ராக். தலைவரின் திறமை எவ்வளவோ அவ்வளவுதான் நிறுவனமும் வளரும் என்கிறார்.

பிரசங்க பாணியும் அப்படியே தொடர்ந்தது: ஒரு கருத்து, ஒரு கதை, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு வரி. ஆதாரம், ஆய்வு என்று தேடுபவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் சபையில் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், அதட்டினால் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள். பதவியைத் தலைமையின் ஆகக் கீழ்ப் படியில் அவர் வைப்பதற்கு அந்த அனுபவம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.