கோட்டைச் சுவரில் சீமெந்தா?

கேள்வி: எங்கள் தோட்ட டிவிசனுக்கு அருகே வெள்ளைக்காரர் காலத்துக் கோட்டைச் சுவர் ஒன்று இருக்கிறது. வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தோம். இப்போது கல்லே உதிர்கிறதே, ஏன்?
- வாசகர், பதுளை

பதில்: நல்லெண்ணத்தில் செய்த பூச்சுதான் கல்லைத் தின்கிறது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சீமெந்து விடாது. அடைபட்ட நீர் கல் வழியே வெளியேறும்போது உப்புப் படிந்து அதன் முகத்தை உடைக்கும்.

சீமெந்தைச் சிற்றுளியால் கொத்தி எடுக்க வேண்டும். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். இடுக்கை அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்குச் சுரண்டி நனைத்து, 1 பங்கு ஊறிய சுண்ணாம்பும் 3 பங்கு கழுவிய ஆற்று மணலும் கலந்த சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவா மழையில் தொட்டால் சாந்து கரைந்தோடும்.

ஆனால் உளி எடுக்குமுன் தொல்பொருள் திணைக்களத்தைக் கேளுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடமென்றால் அது தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்; பிந்தியதென்றாலும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம்.