சீலை உடுக்கிறோம், பூ வைக்கிறோம்

ஐயா, வணக்கம். உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். ஜப்பானுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போவதற்காக மொழி படிக்கிறேன். 'வெயார்' (wear) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே ஐந்தாறு சொல் இருக்கிறது. பொதுவாக ஒன்றை வைத்துச் சமாளிக்க முடியாதா? தமிழும் ஜப்பானிய மொழியும் சகோதர மொழிகள் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

சகோதர மொழிக் கதையை விடுங்கள். ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ அப்படிச் சொன்னார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உறவு வேண்டுமென்றால் பொத்தானில் இருக்கிறது. நாமும் அவர்களும் அந்தச் சொல்லைப் போர்த்துக்கீசரிடம்தான் வாங்கினோம்.

மற்றக் கேள்விக்குக் கோபம்தான் வந்தது. இடையில் ஆங்கிலம் எதற்கு? உங்கள் அம்மா சீலை உடுக்கிறார், பூ வைக்கிறார். அப்பா சாரம் கட்டுகிறார். நீங்கள் சேட்டுப் போடுகிறீர்கள். 'பூ உடுத்தாள்' என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டீர்களா? பழைய தமிழும் உடம்பைப் பார்த்துத்தான் பிரித்தது: அரைக்கு உடுத்தல், தலைக்குச் சூடுதல், நகைக்குப் பூணுதல். ஜப்பானியரும் அப்படித்தான். சேட்டுக்குக் கிரு. களிசான், சொக்ஸ், சப்பாத்து என்று காலை நுழைப்பதற்கெல்லாம் ஹக்கு. தொப்பிக்குக் கபுரு, கண்ணாடிக்குக் கக்கெரு. தமிழிலிருந்து நேரே போனால் இதில் திகைக்க என்ன இருக்கிறது? ஆங்கிலத்தைச் சுற்றிப் போவதால்தான் ஒன்று ஐந்தாகத் தெரிகிறது. சமாளிக்கும் எண்ணத்தை இன்றைக்கே விடுங்கள்.

உங்கள் வேலைக்கு இவற்றைவிட முக்கியமான சொல் கிசெரு. போடுவதல்ல, போட்டுவிடுவது.

என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உவர்மலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான்தான் சேட்டுப் போட்டுவிட்டேன். நல்ல கையை முதலில் நுழைத்தேன். அப்புறம் மற்றக் கைக்குத் துணி எட்டவில்லை. இழுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்தது. அம்மா வந்து என்னைத் தள்ளிவிட்டுச் சேட்டைக் கழற்றினார். சேட்டுக் கையின் வாய்ப் பக்கத்தால் தன் கையை உள்ளே விட்டார். அந்தப் பக்கத்தில் அப்பாவின் விரல்களைப் பிடித்து, மெல்ல வெளியே கூட்டிவந்தார். நல்ல கையைக் கடைசியில்தான் போட்டார்.

இதை ஜப்பானில் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பிற்பாடுதான் அறிந்தேன். கழற்றும்போது நல்ல பக்கம் முதல், போடும்போது நோயுற்ற பக்கம் முதல். ஜப்பானிய எழுத்து நான்கே நான்கில் 'தக்கென் சக்கன்' என்பார்கள். அம்மா செய்ததற்கும் அவர்களிடம் பெயர் உண்டு: முகாஎசொதெ, எதிர்கொண்டு அழைக்கும் சட்டைக்கை. எங்கள் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

அன்று அவர் அப்பாவிடம் பேசியது ஒன்றுதான்: "கையைத் தாங்கோ." அதை அங்கேயுள்ள ஒரு கிழவரிடம் எப்படிச் சொல்வது என்று உங்கள் ஆசிரியையிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.