நெரிசல் தெருவில் முன்பின் தெரியாத இருவர்: குறும்படக் கேள்வி பதில்

ரங்கநாதன் தெருவில் முன்பின் தெரியாத இருவர் சந்திக்கும் காட்சி. கேமராவை வைத்ததும் கூட்டமே லென்ஸைப் பார்க்கிறது. என்ன செய்யலாம் சார்?

கேமராவைத் தெருவில் வைக்காதீர்கள். எதிர்க்கடைக்காரரிடம் கேட்டு முதல் மாடிக்கு ஏறி, தூரத்தைக் கிட்டக் காட்டும் 135 எம்எம் லென்ஸ் போடுங்கள். கீழே இரண்டு நடிகர்களும் ஓர் உதவி இயக்குநரும் போதும். 'ஆக்‌ஷன்' என்று கத்தினால் தெருவே திரும்பும்; நடிகர் காதில் இயர்போன் மாட்டி போனில் சொல்லுங்கள். கம்பம், படிக்கட்டு என்று நகராத ஏதாவதொன்றை ஒட்டிச் சந்திக்க வைத்தால் போகஸை முன்பே வைத்துவிடலாம்.

மாடியிலிருந்து மட்டுமே எடுத்தால் சிசிடிவி பதிவு மாதிரி இருக்கும். குளோசப்களை வேறொரு நாள் அதே நேரத்து வெயிலில், ஒதுக்குப்புறச் சுவரோரம் பத்துப் பேரைக் குறுக்கே நடக்கவிட்டு எடுங்கள். பின்னணி மங்கிவிடும், இடம் தெரியாது. அனுமதிக் கடித நகல் கீழே நிற்பவர் கையில் இருக்கட்டும். கேள்வி கேட்பவர்கள் அவரிடம்தான் வருவார்கள்.

எடுத்த காட்சியில், ஒளிரும் கடைப் பலகைகளில் கோடு ஓடுகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் அதோடு ஒத்துப்போக வேண்டும். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் கோணம் 180 டிகிரி, 24 என்றால் 172.8. இரண்டுமே 1/50 நொடி. சில எல்இடி பலகைகள் இதற்கும் அடங்காது. பிரேமில் வராமல் தவிர்த்துவிடுங்கள்.

எந்த கேமரா வாங்கலாம்?

வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். மிச்சப்படும் காசு ஒலிக்கு.

லைவ் சவுண்டா, டப்பிங்கா?

லைவ். லேப்பல் மைக்கை (உடையில் மாட்டும் குட்டி மைக்) சட்டைக்குள் நெஞ்சுக்குழி அருகே ஒட்டுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

அந்தத் தெருவில் லைவ் என்பது வீம்பு அண்ணா. ஒரு வரிகூடத் தேறாது. டப்பிங் பண்ணி கூட்டச் சத்தம் சேர்த்தால் யாருக்குத் தெரியும்?

எல்லாருக்கும் தெரியும். நெரிசலில் பேசுகிறவன் குரலை உயர்த்துவான், மூச்சு இரைக்கும். ஏசி அறையில் நின்று அதைக் கொண்டுவர தேர்ந்த டப்பிங் கலைஞர் வேண்டும், புதுமுகங்களால் ஆகாது.

சரி, கடை ஸ்பீக்கரில் ஓடும் சினிமாப் பாட்டை என்ன செய்வீர்கள்?

இது சரியான அடி. வசனத்துக்கடியில் பாட்டு பதிவானால் எடிட்டில் ஒவ்வொரு வெட்டிலும் பாட்டு எகிறும், உரிமைச் சிக்கலும் சேரும். அதனால் வசனக் காட்சியைக் கடைகளின் ஷட்டர் திறக்கும் முன், காலையிலேயே முடியுங்கள். காட்சி முடிந்ததும் அங்கேயே சந்தில் ஒதுங்கி, கேமரா இல்லாமல் வசனத்தை இரண்டு முறை சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். மூச்சு இரைப்பு அடங்குவதற்குள் எடுக்க வேண்டும். உதட்டசைவோடு பெரும்பாலும் பொருந்தும். பாட்டு கேட்காத இடத்தில் கூட்ட இரைச்சல் இரண்டு நிமிடம் தனியாக எடுங்கள். இவ்வளவும் செய்து தேறாத வரிக்கு மட்டும் டப்பிங். அந்த அளவுக்கு நானும் உங்கள் கட்சி.

டீக்கடைக் காட்சியில் பழைய பாட்டு பத்து நொடிதான்...

பத்து நொடிக்கும் உரிமை வேண்டும். ஒலிப்பதிவுக்கும் இசை, வரிகளுக்கும் எழுத்தில் வாங்குங்கள். யூடியூபில் யாரும் தடுக்கவில்லை என்பது அனுமதி ஆகாது.

சென்னைப் பறக்கும் ரயிலில் (மேம்பாலத்தில் ஓடும் ரயில்) போனில் எடுத்தால்?

போனானாலும் படப்பிடிப்புதான். ரயில்வே அனுமதி வேண்டும்.

கேமரா எது நல்லது?

மேலே பாருங்கள்.

விருதுகளுக்கு அனுப்ப?

தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை. ஆஸ்கருக்குப் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. தகுதிப் பட்டியலிலுள்ள விழாவில் வெல்வது ஒரு வழி. பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா அதில் இருந்திருக்கிறது, அந்தந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். விழாக்கள் முடியும்வரை யூடியூபில் பொதுவில் ஏற்றாதீர்கள். முதல் திரையிடல் கேட்கும் விழாக்கள் உண்டு. கடவுச்சொல் போட்ட இணைப்பு போதும்.

டீக்கடைப் பாட்டை நாமே பாடினால்?

குரல் உங்களுடையது, மெட்டும் வரியும் இல்லை. வாங்குங்கள்.