இரண்டு மலைக்கு நடுவே ஒரு சூரியன்

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்து இரண்டு வருடமாகிறது. ஊர் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரை. நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் மட்டுமே வரைகிறேன். மூத்த ஓவியர் ஒருவரின் படங்கள்மேல் எனக்குப் பித்து உண்டு (பெயரைத் தனியாக எழுதியிருக்கிறேன், வெளியிட வேண்டாம்). அவர் வரைந்துகாட்டும் வீடியோக்களை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. போன தை மாதம் தஞ்சாவூரில் நண்பர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தோம். என் படங்களுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்ற ஒருவர், "நீங்க அவரோட ஸ்டூடண்டா?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். நான் அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து யார் படத்தையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நாலு மாதம் ஆகிறது. சாயல் போய்விடும் என்று நினைத்தேன். கையே ஓடவில்லை. தாளைப் பலகையில் ஒட்டிவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பிறர் பாதிப்பே இல்லாமல் வரைய முடியுமா ஐயா? உங்கள் படம் உங்களுடையது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

ச.
நீடாமங்கலம்

*

அன்புள்ள ச.,

மூன்றாவது படத்தின் வலது கீழ் மூலையிலிருந்து தொடங்குகிறேன். அங்கே ஒரு மதகு இருக்கிறது. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டிருக்கிறார்கள். அடியில் பீறிடும் தண்ணீர் செம்பழுப்பு. கொஞ்சம் தள்ளி, சுழல் அடங்குகிற இடத்தில், வைக்கோல் துணுக்குகள் வளையமாகச் சேர்ந்து நிற்கின்றன. சிமெண்டுச் சுவரில் தண்ணீர் ஏறி இறங்கிய கறை ஒன்றின்கீழ் ஒன்றாக நாலு வரி. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த இடத்தில் உங்கள் தூரிகை தடுமாறியிருக்கிறது. பூசி, ஒற்றியெடுத்து, மறுபடி பூசியிருக்கிறீர்கள். தாளின் மேல்தோல் லேசாக எழும்பியிருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. நீங்கள் பெயர் எழுதியிருக்கும் ஓவியர் இப்படித் தடுமாறவே மாட்டார். அவ்வளவு கை சுத்தம். ஆனால் அந்த மதகின்முன் அவர் உட்கார்ந்ததில்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

படத்தின் மற்ற இடமெல்லாம் அவர்தான். ஊதாச் சாம்பலில் மேலிருந்து ஒரே வாஷில், தண்ணீர் கலந்த ஒரே பூச்சில், இறங்கும் வானம், நனைந்த சாலையில் தலைகீழாகத் தெரியும் மரங்கள், நடுவில் சிவப்புக் குடையோடு ஓர் ஆள். வெண்ணாற்றங்கரைப் பாதைகளில் நான் நிறைய நடந்திருக்கிறேன். மழை பெய்தால் அந்த மண் கண்ணாடி ஆகாது, குழம்பும். மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளங்களில் மட்டும் வானம் துண்டு துண்டாகக் கிடக்கும். நகரத்துத் தார்ச்சாலையில் அவர் கண்டுபிடித்த ஒன்றை நீங்கள் களிமண் பாதையில் விரித்துவிட்டீர்கள். கண்காட்சிக்கு வந்தவர் கண்ணில் பட்டது இதுதான்.

இனி உங்கள் விரதம். அதை இன்றே விட்டுவிடுங்கள்.

சின்ன வயதில் முதன்முதலாக வரைந்த "இயற்கைக் காட்சி" நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. முக்கோணமாக இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன், சுற்றிலும் கோடுகோடாகக் கதிர். மலையிடுக்கிலிருந்து நெளிந்து வரும் ஆறு. இந்தப் பக்கம் குடிசை, அதன் ஓரமாகத் தென்னை, மேலே 'வி' போட்டு நாலு பறவை. நான் திருத்துறைப்பூண்டிக்காரன். பதினாலு வயதில் திருச்சிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து மலைக்கோட்டையைப் பார்த்ததுதான் நான் பார்த்த முதல் மலை, அதுவும் ஒற்றைப் பாறை. எங்கள் ஊர் ஆறு எந்த மலையிடுக்கிலிருந்தும் வருவதில்லை. உங்கள் ஊர் மூணாறு தலைப்பில், அந்த நீர்பிரிக்கும் அணையில், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறதே, அதுபோல ஏதாவதொரு தலைப்பில் ஷட்டரைத் தூக்கினால் வருகிறது. ஆனாலும் டெல்டாவில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் இயற்கைக் காட்சி வரையச் சொன்னாலும் அந்த இரண்டு மலை வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல் தட்டையாகக் கிடக்க, பிள்ளை குனிந்து மலை வரைந்துகொண்டிருக்கும். (குடிசையோரத் தென்னை என் படங்களின் இடது ஓரத்தில் எனக்கு ஐம்பது வயதான பிறகும் நின்றது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்த பிறகுதான் என் படத்திலிருந்தும் அது போனது.)

பிறர் படங்களை ஒதுக்கிவிட்டால் உள்ளே மாசில்லாத ஒரு கண் மிஞ்சும் என்று நினைத்திருக்கிறீர்கள். மிஞ்சுவது இந்த இரண்டு மலை. காலண்டரிலிருந்தும் பாடப்புத்தக அட்டையிலிருந்தும் நமக்குள் வந்து உட்கார்ந்தவை அவை. யார் வரைந்தது என்று தெரியாததால் அவற்றைப் பாதிப்பு என்று நாம் சொல்வதில்லை. நல்ல ஓவியரின் பாதிப்புக்குப் பெயர் இருக்கிறது. இதை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவருடைய படத்திடம் போய்க் கேட்கலாம்.

அப்படிக் கேட்காமல் நான் பதினோரு வருடம் இருந்தேன்.

எனக்கு வாய்த்த ஆசிரியர் பெரிய கைகாரர். தரையும் தோப்பும் சந்திக்கிற இடத்தில் ஒரு நெல்மணி கனத்துக்குத் தாளை வெள்ளையாகவே விட்டுவிடுவார். அந்த ஒரு கீற்றால் படம் முழுக்க வெளிச்சம் ஏறும். நானும் விட்டேன். எல்லாப் படத்திலும் விட்டேன். கார்த்திகை அடைமழைக்கு நடுவில் வரைந்த சம்பா வயலிலும் விட்டேன். அந்த மாதத்தில் நம் பக்கம் பயிருக்கும் தோப்புக்கும் நடுவே வெளிச்சம் ஏது? ஈரம் புகைபோலப் படுத்துக்கிடக்கும், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். படம் எங்கேயோ பொய் சொல்கிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

அவர் காலமான பிறகு, பழைய தாள்களை அடுக்கிக் கொடுக்கச் சொல்லி அவர் வீட்டில் கூப்பிட்டார்கள். தகரப் பெட்டி நிறைய ஸ்பாட்டில் வரைந்த சின்னப் படங்கள். பின்பக்கம் தேதி போட்டிருந்தார். அத்தனையும் சித்திரை, வைகாசி. அவர் பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார். கோடை விடுமுறையில்தான் வெளியே போய் உட்கார முடியும். திருவையாற்றுக்குக் கீழே, தண்ணீர் வற்றிய காவிரி மணலில், உச்சிவெயிலில் குடையை நட்டுக்கொண்டு வரைந்தவை. காய்ந்த மணலுக்கும் அக்கரைத் தோப்புக்கும் நடுவே கானல் நடுங்குகிற இடம்தான் அந்த வெள்ளைக் கீற்று. நான் பாணி என்று நினைத்து எடுத்துக்கொண்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு அன்று இரண்டு மடங்காயிற்று.

அடுத்த கார்த்திகையில் கீற்று இல்லாமல் வரையப் பார்த்தேன். வரவில்லை. பயிரும் தோப்பும் ஒரே பச்சைக் குழம்பாயின. அவருடையதை எடுத்துவிட்டால் அங்கே வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டு மழைக்காலம் அந்த ஓரத்தை மட்டுமே வரைந்தேன். சித்திரையில் தூரிகையை எடுப்பதற்குள் தாள் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் அரைமணி ஆனாலும் ஈரம் போகாது. அவர் கையில் வேகம் ஏறியது வெயிலால். நான் காத்திருக்கப் பழக வேண்டியிருந்தது. முதல் வாஷின் பளபளப்பு அடங்கி, தாள் தொட்டால் ஜில்லென்று மட்டும் இருக்கிற ஒரு நேரம் வரும். அப்போது தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் குழைத்த வண்ணத்தை வைத்தால், விளிம்பு ஓடிப் பரவாது, வெட்டினாற்போல் நிற்கவும் செய்யாது. பாதி கரைந்து நின்றுவிடும். எனக்கென்று முதலில் கிடைத்தது அதுதான். எப்போது தெரிந்தது என்று கேட்டீர்களே, என் முப்பத்தெட்டாவது வயதில், ஒரு சாண் நீள ஓரத்தில்.

சமவெளிக்காரர்களான நமக்கு இன்னொரு பழைய உறவு உண்டு. டச்சுக்காரர்கள் 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்து 1781 வரை வைத்திருந்தார்கள். அதே காலத்தில், 1670-களில், அவர்கள் நாட்டில் யாக்கோப் வான் ரூய்ஸ்டால் ஹார்லெம் நகரத்தை வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படங்களில் மூன்றில் இரண்டு பங்கு வானம். ஊரும் வயலும் கீழே ஓரமாகக் கிடக்கும். மலையில்லாத ஊரில் உயரத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு மேகத்தை அடுக்கிப் பதில் சொன்னவர் அவர். வேதாரண்யம் உப்பளத்தில் ஒருநாள் நின்றுவிட்டு வந்து அந்தப் படங்களைப் பாருங்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல இருக்கும்.

அவரைப் பிரதி எடுத்துப் பழகியவர்தான் இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள். 1776-ல் பிறந்தவர், ஆற்றங்கரை மாவு ஆலைக்காரர் மகன். ரூய்ஸ்டாலின் வானம் அவர் கைக்குள் போய்விட்டது. அதை உதறிவிட அவர் முயலவில்லை. 1821, 1822 இரண்டு வருடங்களில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் வானத்தை மட்டுமே சின்னச் சின்னதாக வரைந்து, பின்னால் தேதி, மணி, காற்றின் திசை எல்லாம் எழுதிவைத்தார். கடன் வாங்கிய வானத்தைத் தன் தலைக்குமேல் இருக்கிற வானத்தோடு தினம் ஒத்துப்பார்த்தார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அதே 1821-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஆலை மடையிலிருந்து தண்ணீர் பாய்கிற சத்தமும், உளுத்த பலகைகளும், வழுக்கும் கட்டைகளும், செங்கல் சுவரும் தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்கிறார். உங்கள் மதகைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

ஒருமுறை கிடைத்துவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தென்னையும் கால்வாயுமாக அருமையான நீர்வண்ணங்கள் வரைந்தவர், பிறகு வான்கோவின் பாணிக்குள் போய் வெளியே வந்தவர். இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வரும் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அவர் தொடங்கியது 1963-ல், ஐம்பது வயதைத் தாண்டி. உங்களுக்கு இப்போது இருபத்துநாலு இருக்குமா?

உங்கள் படங்களைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். மூன்றிலும் சாயங்கால வெளிச்சம், நீளநீளமாக நிழல். அதுவும் வீடியோவிலிருந்து வந்தது. நம் வயல்நிலமான மருதத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொழுது வைகறையும் விடியலும். இலக்கணத்தில் இருப்பதால் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டு ஒரு மார்கழியில் ஐந்து மணிக்கு எழுந்து வரப்பில் போய் நின்றேன். நிழலே இல்லை. கதிர் வாங்கிய பயிர்மேல் பனி இடுப்பளவு நிற்கிறது, அதற்குமேல் தலைகள் மட்டும் மிதக்கிற மாதிரி கருவேல மரங்கள். அதுவும் ஒரு பாதிப்பில் கிடைத்த காட்சிதான்.

அடுத்தது பச்சை. மூன்று படத்திலும் ட்யூபிலிருந்து அப்படியே பிதுக்கிய சாப் கிரீன். புரட்டாசியில் உங்கள் ஊரில் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் குறுவை நெல் அறுப்புக்கு நிற்கும், பயிரின் தண்டு மட்டும் அடியில் பச்சை. பக்கத்து வயலில் சம்பா வேர்பிடித்துக் கருத்திருக்கும். அதற்கடுத்து தாளடி நாற்றங்கால், எலுமிச்சைத் தோல்போலக் கண்ணைக் கூசும். மூன்றும் வரப்பு ஒட்டி வரப்பாக. எந்த வீடியோவிலும் இதற்கு வழி இருக்காது. அந்த ட்யூபை ஒரு வருடம் உள்ளே வைத்துவிட்டு, மஞ்சளையும் நீலத்தையும் கலந்தே எல்லாப் பச்சையையும் எடுங்கள். தண்டுக்குக் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைச் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது வைகாசி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கல்லணைக்கு வந்து வெண்ணாற்றில் பிரிந்து தண்ணீர் உங்களிடம் வந்துசேர இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்களுக்குப் பிடித்த அந்த ஓவியரின் படம் ஒன்றை எடுத்து, தூரிகைத் தடம் மாறாமல் அப்படியே பிரதி எடுங்கள். கீழே அவர் பெயரையே எழுதுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பிறகு புதுத்தண்ணீர் நுரையும் செத்தையுமாக மதகுக்கு வருகிற அன்று, அதே தட்டில் அதே வண்ணங்களை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். அவர் சொல்லிக்கொடுத்த வழியிலேயே வரையுங்கள் தம்பி. எந்தெந்த இடத்தில் அந்த வழி போதவில்லையோ, அதைத் தாளின் பின்பக்கம் தேதி, மணி, காற்றோடு சேர்த்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை அனுப்ப வேண்டாம். அந்தப் பின்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.