மூன்று நிமிட மல்டிமீடியா ப்ராஜெக்ட்: படமும் ஒலியும் நெட்டில் எடுப்பதா, பிள்ளையே செய்வதா?

கேள்வி: "மகள் ஒன்பதாம் வகுப்பு, சென்னையில் படிக்கிறாள். பள்ளியில் மூன்று நிமிட மல்டிமீடியா ப்ராஜெக்ட் கேட்கிறார்கள். படம், ஒலி, வீடியோ எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து கோத்துவிடலாமா? எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

வடபழனியில் எடிட்டிங் வேலை பார்ப்பவன் நான். சொந்தக்காரர் வீட்டு ப்ராஜெக்ட் எல்லாம் கடைசியில் என் தலையில்தான் விழும். போன வருடம் அக்கா மகளுடையது. தலைப்பு சென்னையின் குடிநீர். சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி, போனில் இருப்பதே போதும். மற்றதைச் சொல்கிறேன்.

அவள் ஏற்கெனவே நாற்பது படம் இறக்கி வைத்திருந்தாள். வெடித்த நிலம், நீலத் துளி, குழாயடியில் கை. ஒன்றுகூட நம் ஊர் இல்லை. "இதுல நீ என்ன சொல்ல வர்ற?" என்றேன். "எந்த ஏரியில எவ்ளோ தண்ணி பிடிக்கும்னு காட்டணும் மாமா" என்றாள். அதற்கு எதற்கு நாற்பது படம்?

ஒரே மாதிரி நான்கு கண்ணாடி பாட்டில் எடுத்தோம். ஏரிகளின் முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில் இப்படி: செம்பரம்பாக்கம் 3,645, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. பத்து மில்லியன் கன அடிக்கு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால் 364, 330, 323, 108 மில்லி தண்ணீர். மருந்துக்கடை சிரிஞ்சில் பத்துப் பத்து மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ. நொடிக்குப் பன்னிரண்டு போட்டோ என்று ஓடவிட்டால் செம்பரம்பாக்கம் மூன்று நொடியில் நிரம்பிவிடும்.

முதல் தடவை சொதப்பியது. பாட்டிலுக்குப் பாட்டில் தனியாக இங்க் கலந்ததில் நான்கும் நான்கு நீலம். அப்புறம் ஒரே குடத்தில் கலந்துகொண்டோம். போன் தானாக வெளிச்சத்தை மாற்றியதால் படம் மின்னி மின்னி அடித்தது. திரையில் பாட்டில்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்தபிறகு சரியானது. ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும், வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். வேறு வழியில்லை என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்.

எனக்கே பிடித்த காட்சி அவள் யோசித்ததுதான். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு சுமார் 25 லட்சம் லிட்டர். அதை நம் பாட்டில் கணக்கில் போட்டால் 0.01 மில்லிகூட இல்லை, ஒரு சொட்டுக்கும் கீழே. ஊசி நுனியில் இங்க்கைத் தொட்டு, காலி பாட்டிலின் அடியில் வைத்தாள். இதை எந்தத் தளத்தில் போய் டவுன்லோட் செய்வது?

ஒலிதான் பெரும்பாடு. ஃபேனை நிறுத்தாமல் குரல் பதிவு செய்தால் வீண். சென்னையில் ஃபேனை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் ஆளே வீண். துணி அடைத்த பீரோவைத் திறந்து, அதற்கு நேராக உட்கார்ந்து, வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, இரண்டிரண்டு வரியாகப் பேசவைத்தேன். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். பேசுவதற்கு முன் பத்து நொடி சும்மா ஓடவிட்டால், அந்த மௌனத்தையே மாதிரியாகக் காட்டி ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரில் இரைச்சலைக் குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். குக்கர் விசில் வந்தால் மட்டும் அந்த வரியை மறுபடி சொல்ல வேண்டியதுதான். பின்னணிக்கு இசை வேண்டாம் என்று, தெருமுனை அடிபம்பில் பக்கத்து வீட்டுப் பாட்டி குடம் வைத்து அடிக்கும் சத்தத்தை அவரிடம் கேட்டுவிட்டே பதிவு செய்தோம்.

நெட்டில் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். விக்கிமீடியா காமன்ஸில் படத்தின் கீழேயே உரிமம் இருக்கும். உரிமத்தில் கேட்டிருந்தால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கடைசி ஸ்லைடில் போடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூபில் ஏற்றினால் உரிமை கோரி அறிவிப்பு வந்து நிற்கும்.

தமிழ் எழுத்து ஒரு தனித் தலைவலி. கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடத்தில் பாமினி எழுத்துருவில் டைட்டில் போட்டேன். காட்டவேண்டிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. எல்லார் முன்னிலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. இன்று எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு இருந்தாலும் சில எடிட்டிங் ஆப்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். பவர்பாயின்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் அடித்து, அந்த டெக்ஸ்ட் பாக்ஸைப் படமாக பிஎன்ஜியில் சேமித்து வீடியோமேல் வையுங்கள்.

கடைசியாக எம்பி4 ஆக எடுத்து, முந்தின நாளே பள்ளிக் கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளட்டும். எங்களுக்கு அங்கே இல்லை. என் ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் டிபன் பாக்ஸோடு பையில் போனது.