கைக்குள் அடங்கும் வைஃபை வீட்டுக்குப் போதுமா?

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம், ஓர் ஆண்டில் வீடு மாற நேரலாம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், மகளுக்கு இணைய வகுப்பு உண்டு, கணவர் இரவில் தொலைக்காட்சியில் படம் பார்ப்பார். ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் துளை போட வேண்டும், வீடு மாறும்போது மறுபடியும் அலைய வேண்டும். அதற்குப் பதிலாக சிம் போடும் கையடக்க வைஃபை ரூட்டர் ஒன்றை வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் அதையே எடுங்கள். வீடு மாறும் அலைச்சல் சில நாட்களில் தீர்ந்துவிடும். அலுவலகக் கூட்டத்தின் நடுவே குரல் அறுந்துபோவதை நீங்கள் ஆண்டு முழுவதும் தாங்க வேண்டியிருக்கும்.

கையடக்க ரூட்டருக்கு இணையம் வருவது செல்பேசிக் கோபுரத்திலிருந்து. அந்தக் கோபுரம் ஒரு திசையில் தரக்கூடிய மொத்த வேகத்தை, அத்திசையில் இருக்கும் எல்லாச் செல்பேசிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. காலை பதினொரு மணிக்கு நன்றாக ஓடிய இணையம் இரவு ஒன்பது மணிக்குத் திணறுவது அதனால்தான். ஃபைபரும் பகிரப்படுவதுதான். வீடுகளுக்குப் பரவலாகத் தரப்படும் ஜிபான் முறையில், ஒரே கண்ணாடி இழை 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடப் பிரிந்து செல்லும். ஆனால் அந்த இழையின் பதிவிறக்க வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், பதிவேற்ற வேகம் 1.25 ஜிகாபிட். தெருவில் எவ்வளவு கூட்டம் கூடினாலும் அந்த இழையில் பங்கு கேட்பவர்கள் கூடமாட்டார்கள்.

விளம்பரங்கள் பதிவிறக்க வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. காணொளியில் பேசும் உங்களுக்கோ பதிவேற்ற வேகமும் தாமதமும்தான் முக்கியம். ஃபைபரில், அருகிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்பப் பெரும்பாலும் 10 மில்லி விநாடிக்கும் குறைவாகவே ஆகும். 4ஜி-யில் 30 முதல் 50 வரை ஆவது சாதாரணம். நெரிசலில் 100-ஐயும் தாண்டும். நிலையாக 50 இருந்தால்கூடப் பேச்சு கெடாது. 40, 180, 60 என்று அது துள்ளும்போதுதான் எதிரே இருப்பவரின் முகம் உறைந்து நிற்கிறது.

அடுத்து டேட்டா. எச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 3 ஜிபி எடுக்கும். 4கே என்றால் 7 ஜிபி வரை. இரவில் இரண்டு மணி நேரம் எச்டி பார்த்தாலே மாதம் 180 ஜிபி ஆகிவிடுகிறது. உங்கள் வேலையும் மகளின் வகுப்பும் அதற்கு மேல். ‘வரம்பற்றது’ என்று விற்கப்படும் சிம் திட்டங்களிலும், ஒரு அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் நியாயப் பயன்பாட்டு விதி பெரும்பாலும் உண்டு. அந்த அளவு எத்தனை ஜிபி, அதன் பிறகு கிடைக்கும் வேகம் என்ன என்று எழுத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஃபைபர் திட்டங்கள் சிலவற்றிலும் இந்த விதி இருக்கிறது. ஆனால் அங்கே வரம்பு பொதுவாக மிகத் தாராளமானது.

துளை பற்றிய கவலைக்கு வழி உண்டு. முன்பு குடியிருந்தவர் இணைப்பு எடுத்திருந்தால், அந்தக் கேபிள் சுவரோரத்தில் அப்படியே கிடக்கலாம். வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். இல்லாவிட்டாலும், ஏசி குழாய்க்குப் போட்ட துளையிலோ ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலோ நுழைந்துவிடும் அளவுக்கு மெல்லியது அந்தக் கேபிள். நிறுவனத்திடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை வேறு: குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் எவ்வளவு, வீடு மாறினால் இணைப்பை மாற்றித் தருவார்களா, அதற்குக் கட்டணம் உண்டா, ரூட்டர் யாருக்குச் சொந்தம், முன்பணம் எப்போது திரும்பும். ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ரசீது வாங்காமல் கதவைச் சாத்தாதீர்கள். முன்பணத் தகராறுகளில் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

கேள்வி: ‘150 எம்பிபிஎஸ்’ என்று பெட்டியில் அச்சிட்ட 4ஜி ரூட்டர் வாங்கினேன். சோதித்தால் 12-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பொய் சொல்லவில்லை, ஆனால் வாங்குபவருக்குப் புரியும்படியும் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது. 150 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 150 மெகாபிட், என்பது ‘கேட்டகரி 4’ வகை மோடத்தின் (ரூட்டருக்குள் இருந்து கோபுரத்தோடு பேசும் பாகம்) உச்ச வரம்பு. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுவதும் உங்கள் ஒருவருக்கே கிடைத்து, சிக்னலும் குறையே இல்லாமல் இருந்தால்தான் அந்த வேகம் வரும். சில பெட்டிகளில் 300, 1200 என்று இன்னும் பெரிய எண்கள் இருக்கும். அவை பெரும்பாலும் ரூட்டருக்கும் உங்கள் கணினிக்கும் இடையிலான வைஃபை வேகம். வெளியிலிருந்து வரும் இணையத்துக்கும் அந்த வைஃபை வேகத்துக்கும் தொடர்பில்லை. போதாக்குறைக்கு இவையெல்லாம் பிட் கணக்கு; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 12 மெகாபிட் என்றால், கோப்பு இறங்குவது விநாடிக்கு 1.5 மெகாபைட்.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். ரூட்டரில் இருக்கும் அதே சிம்மை உங்கள் செல்பேசியில் போட்டு, அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து பாருங்கள். செல்பேசியிலும் 12 தான் வந்தால் சிக்கல் கோபுரத்திலோ சிக்னலிலோ இருக்கிறது. அந்த சிம்மோடு விலை உயர்ந்த ரூட்டர் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. செல்பேசியில் 40 வந்தால் குறை ரூட்டரில். உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஏதோ ஒன்று அதில் இல்லாமல் இருக்கலாம், அல்லது இரண்டு அலைவரிசைகளை ஒன்றுசேர்க்கும் வசதி இல்லாமல் இருக்கலாம். கேட்டகரி 4 மோடங்களுக்கு அந்த வசதி கிடையாது.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்றொரு எண் இருக்கும். அது மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-க்குக் கீழே போனால் மோசம். ரூட்டரை அலமாரியிலிருந்து ஜன்னலோரத்துக்கு மாற்றினாலே இந்த எண் நன்றாக ஏறலாம்.

கேள்வி: வேலை நிமித்தம் அடிக்கடி பயணம் செய்கிறேன். தனியாகக் கையடக்க ரூட்டர் வேண்டுமா, செல்பேசி ஹாட்ஸ்பாட் போதாதா?

பதில்: மடிக்கணினி ஒன்று, நாளுக்கு ஓரிரு மணி நேரம் என்றால் ஹாட்ஸ்பாட் போதும். நாள் முழுவதும் வேலை, கூடவே சகாக்கள் மூன்று நான்கு பேர் என்றால் தனி ரூட்டர் வாங்குங்கள். செல்பேசி சூடேறாது, அழைப்பு வந்தால் பேட்டரி மிஞ்சியிருக்கும். வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுக்கொண்டால், ஒன்றில் சிக்னல் இல்லாத இடத்தில் மற்றொன்று கைகொடுக்கும். சிம் பூட்டு இல்லாத, அதாவது எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும் ரூட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு ஃபைபர் வரவில்லை. பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பு எடுப்பதா, சிம் ரூட்டர் வாங்குவதா?

பதில்: கம்பியில் வரும் வேகம், தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தொலைவு என்பதைப் பொறுத்தது. அந்தக் கம்பியில் இணையம் தரும் ஏடிஎஸ்எல்2 பிளஸ் முறையின் உச்சம் 24 எம்பிபிஎஸ். நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் அதில் சிறு பகுதிதான் மிஞ்சும். ஆகவே அக்கம்பக்கத்தில் அந்த இணைப்பு வைத்திருப்பவரிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள். 15-க்கு மேல் நிலையாக வந்து, உங்கள் தேவை படம் பார்ப்பதும் படிப்பதும் மட்டுமே என்றால் கம்பி போதும். பதிவேற்றம் அங்கே மிகக் குறைவு, ஒரு எம்பிபிஎஸ் அளவிலேயே நிற்பதுண்டு. கோப்புகள் அனுப்புபவருக்கு அது ஒத்துவராது.

சிம் பக்கம் போவதென்றால் பாக்கெட்டில் வைக்கும் சிறு ரூட்டர் வேண்டாம். மின் இணைப்பில் ஓடும், வெளி ஆண்டெனா பொருத்த இடமுள்ள வீட்டு ரூட்டரை வாங்குங்கள். கூரை மேல் கோபுரத்தை நோக்கிப் பொருத்திய ஆண்டெனா, சுவர்களுக்குள் தொலைந்துபோகும் சிக்னலை மீட்டுத் தரும். எந்த நிறுவனத்தின் சிம் என்பதை முதலில் செல்பேசியில் போட்டு, இரவு நேரத்தில், பல நாட்கள் சோதித்து முடிவு செய்யுங்கள்.

கண்காணிப்பு கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறந்து பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு தடை உண்டு. சிம் இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பலருக்குப் பகிர்ந்து தருவது வழக்கம். அதனால் வெளியிலிருந்து உங்கள் ரூட்டரை நேரே எட்ட முடியாது. கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாக இயங்கும் கேமராவாக வாங்குங்கள்.

கேள்வி: கையடக்க ரூட்டரை எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருந்தோம். இப்போது பின்மூடி உப்பியிருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. உடனே சார்ஜரிலிருந்து கழற்றுங்கள். உப்பியிருப்பது லித்தியம் பேட்டரி. அதை அழுத்தவோ குத்தவோ செய்தால் தீப்பிடிக்கும். எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். இரவும் பகலும் ஒரே இடத்தில் இயங்கப்போகிற ரூட்டர் என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓடக்கூடிய மாடலாக அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். எல்லா மாடல்களும் அப்படி ஓடுவதில்லை. கடையிலேயே பேட்டரியைக் கழற்றி இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.