வளரும் நாடுகளில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை மக்கள் நம்புகிறார்களா?

ஓட்டுப் போடும் அந்த இரண்டு நிமிடம் தவிர நீங்கள் வாக்குச்சாவடிக்குள் நின்றிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான். நான் பள்ளி ஆசிரியர். 2019 மக்களவைத் தேர்தலில் ஒரு கிராமத்துச் சாவடியில் பிரிசைடிங் ஆபீசர், அதாவது சாவடிக்குப் பொறுப்பான அதிகாரி. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டும் விவிபேட் பெட்டியை எல்லாச் சாவடியிலும் வைத்த முதல் மக்களவைத் தேர்தல் அது.

ஓட்டுப்பதிவுக்கு முன் பூத் ஏஜெண்டுகள் எதிரில் குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட்டு, குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று வரிசையாக அழுத்திக் காட்ட வேண்டும். "உள்ளுக்குள்ள எல்லாம் பண்ணி வச்சிருப்பானுங்க" என்று முனகிக்கொண்டே ஒரு பெரியவர் ஏஜெண்டாக வந்து உட்கார்ந்தார். பழைய டைரியில் ஒவ்வொரு ஓட்டுக்கும் கோடு போட்டார். கணக்கு சரியாக வந்தது. கிளியர் அழுத்தி, டோட்டல் பூஜ்யம் என்று காட்டிவிட்டு சீல் வைக்கப் போனேன்.

"சார், அந்த டப்பாவுல விழுந்த சீட்டெல்லாம்?" என்று கேட்டார் பெரியவர்.

வயிற்றைக் கலக்கிவிட்டது. எந்திரத்தில் கணக்கை அழித்தேனே தவிர, விவிபேட்டில் விழுந்த சீட்டுகளை எடுக்கவே இல்லை. எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். பயிற்சியில் சொன்னதுதான், கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கு எங்கே கேட்டது? ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கிப்போட்டு ஐந்து சாவடிச் சீட்டுகளை எண்ணி எந்திரக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். பெரியவர் கேட்காமல், எங்கள் சாவடியும் குலுக்கலில் விழுந்திருந்தால் 50 சீட்டு கூடுதலாக இருந்திருக்கும். மறுநாள் வாட்ஸாப் முழுக்க "எந்திர மோசடி" என்று ஓடியிருக்கும். அந்த மோசடிக்காரன், முந்தின இரவு தூங்காத ஒரு வாத்தியார்.

மாலையில் டோட்டலும், ஓட்டுப் போட்டவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேடும் ஒத்துப்போயின. பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கும் 17சி படிவத்தின் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெரியவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மிஷின நான் இன்னும் நம்பல சார். இது இருக்குல்ல?" என்று பையைத் தட்டிக்காட்டினார்.

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. கென்யாவில் 2017-இல் ஓட்டு காகிதத்தில்தான் விழுந்தது. முடிவுகளை மின்னணு வழியில் அனுப்பியதில் தகராறு வந்தது. சர்வரைத் திறந்து காட்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் தேர்தல் ஆணையம் முழுதாகக் காட்டவில்லை; அதிபர் தேர்தலே ரத்தானது. நம் கதையும் கோர்ட்டில்தான் தொடங்கியது. கேரளத்தின் பரவூரில் 1982-இல் 50 சாவடிகளில் எந்திரம் வைத்தார்கள். 1984-இல் உச்ச நீதிமன்றம் அங்கெல்லாம் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. எந்திரத்தில் கோளாறு என்று சொல்லவில்லை, சட்டத்தில் இடமில்லை என்றது.

உடனே என் சட்டையில் ஒரு கட்சிக் கொடியைக் குத்தாதீர்கள். ஹேக் செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை, நான் தமிழாசிரியர். எல்லாச் சீட்டையும் எண்ணக் கேட்ட மனுவை 2024-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது, தெரியும். ஆனாலும் ஐந்து சாவடி போதாது என்பது என் கட்சி.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தது. சாவடி சாவடியாகப் பெட்டிகளைச் சேகரிக்கும் அதிகாரிகள் குழுவான ஜோனல் பார்ட்டி வந்து எடுக்க இரவு ஒரு மணி. அதற்கப்புறம் ஏது பஸ்? கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்த டீச்சர் விடியும்வரை வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெட்டிகள் மட்டும் போலீஸ் காவலோடு வேனில் போயின.